மண்டோர் வாயில் மிச்சமிருக்கும் பேர்

மலேசியாவில், சிலிபின் கடைசி வரிசை வீட்டில், காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கிக் கட்டிலில் கோடு போடுகிறது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து கிடக்கிறார் பத்துமலை. கூலிகளை மேய்த்து, ரப்பர் தோட்டத்தையே அதட்டிய மண்டோர் வாயில் இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம். அதைக் கேட்கத்தான் பக்கத்து வீட்டு முத்தம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறாள்; நலம் விசாரிக்க என்கிறாள், சொல்லட்டும். "சாமானைக் காட்டிக் காட்டிப் பேச வைக்கணும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸி சொன்னாங்கதானே அக்கா," என்று அவர் பெண்டாட்டியிடம் சொல்லிச் சீப்பைத் தூக்குகிறாள். "அண்ணே, இது என்னா?" வாய் கோணுகிறது, எச்சில் வழிகிறது. "ராக்காயி." முத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ராக்காயி எட்டாம் நிரையில் பால்மரம் சீவியவள். தோட்டத்துக்கே தெரிந்த அந்தக் கதை தெரியாத மாதிரி முப்பது வருஷம் அவருக்குச் சோறாக்கிப் போட்டவள் மண்டோர் பெண்டாட்டி நவமணி. அவள் கையில் கஞ்சி மங்கு ஆவி விடுகிறது. பத்துமலையின் கண் மங்கிலேயே நிற்கிறது, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. நவமணி ஒரு கரண்டி அள்ளி அவர் உதட்டருகே நிறுத்தித் தன் நெஞ்சைத் தொடுகிறாள். "நான் யாரு, சொல்லுங்க." அவர் வெகுநேரம் அவளையே பார்க்கிறார். கண்ணில் நீர் கட்டுகிறது, உதடு எதற்கோ முட்டி மோதுகிறது. "ராக்காயி." கரண்டி மங்குக்கே திரும்புகிறது. "ரெண்டு மணிக்கொருக்கா புரட்டணும்லா," என்கிறாள் நவமணி. புரட்டி அரைமணிகூட ஆகவில்லை. மிஸி கற்றுக்கொடுத்தபடி தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து, நோகாமல் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறாள். பிறகு மங்கை நீட்டுகிறாள். "வெறும் வயித்தோட ஓடியாந்திருப்பே, முத்தம்மா. நீ குடி."