பச்சை இலை போட்ட சூப்

ஓட்டலில் பாதிக் கிண்ணம் காலியான பிறகு, கறியே தொடாத மாமியார் கரண்டியைக் கீழே வைக்கிறார். "ஏதோ கவுச்சி அடிக்குதே?" மருமகள் அவசரமாகப் பரிமாறுபவரைக் கூப்பிடுகிறாள். "மெனுவில சைவம்னு பச்சை இலை போட்டிருக்கு, இதயத்துக்கு நல்லதுன்னு வேற எழுதியிருக்கு, தைரியமா குடிங்க அத்தை" என்று காளான் சூப் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். மத்தியான வெயிலில் மெனு அட்டையின் இலை ஒன்றும் அறியாததுபோல் மினுங்குகிறது. விசாரிக்கப் போன பரிமாறுபவருக்குப் பதில் சமையல்காரரே வருகிறார். கையிலிருக்கும் வடிகட்டியில் காளான் காம்பும் கேரட் தோலும் வெங்காயச் சருகும் ஆவி விடுகின்றன. "சூப்புல போட்டது இவ்வளவுதாம்மா. காளானைக் கருக வறுத்திருக்கேன், அந்த வாசனைதான்." மாமியார் அட்டையைத் தள்ளுகிறார். "இதுவும் அப்படித்தான் சொல்லுது." சமையல்காரர் குனிந்து குரலைத் தாழ்த்துகிறார். "நானும் கறி சாப்பிடமாட்டேம்மா. மத்த சட்டிக்கெல்லாம் உப்பு பாக்க வேற ஆள் இருக்கு. இந்தச் சட்டிக்கு மட்டும் நானே பாப்பேன்." மாமியார் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். கரண்டியை எடுக்கிறார், ஊதுகிறார், நிதானமாகக் குடிக்கிறார். "நீங்க பாத்த உப்பா இது? ஒரு கல்லு தூக்கலா இருக்கே!" குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது.