அற்புதராஜோட ஈசிஜி

"அற்புதராஜ்!"

நர்ஸ் மிஸ்ஸி மூணாவது வாட்டி கத்துறாங்க. பெஞ்சு ஓரத்துல கண்ண மூடிச் சாஞ்சிருந்தவன் அசையவே இல்ல. பக்கத்துல இருந்த அண்ணன்காரர் முழங்கையால ஒரு இடி இடிச்சாரு. "டேய் தம்பி, எந்திரிடா. கூப்புடுறாங்க இல்ல!"

"ஆங்... யெஸ், யெஸ்"னு அடிச்சுப் புடிச்சு எந்திரிச்சான்.

காலையில ஏழு மணிக்கு தஞ்சோங் பகார்ல பஸ் ஏறுனது. ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தா லிப்டு ரிப்பேர். ரெண்டு பேருமே கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு, மாடிக்கு மாடி நின்னு நின்னுதான் மூணு மாடியும் ஏறுனாங்க.

"என்னடா இப்படி மூச்சு வாங்குற?"

"நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வரேன்ணே. தூக்கம் இல்ல, அவ்வளவுதான்."

மிஸ்ஸி சிவகாமசுந்தரி கம்பெனி லெட்டரப் பிரிச்சாங்க. "ஹார்பர்ல கிரேன் ஓட்டுற வேல. போன மாசம் கிரேன் மேலயே நெஞ்சு வலி. சரியா?"

"லெட்டர்ல அப்படித்தான் இருக்கு மிஸ்ஸி."

"பொறந்த தேதி?" அடையாள அட்டை ஐ.சி.யக் கையில வச்சுக்கிட்டே கேட்டாங்க.

தம்பி முழிச்சான். திரும்பி அண்ணனப் பாத்தான். அண்ணன்தான் பெஞ்சுலேருந்து கத்துனாரு. "முப்பத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் பதினஞ்சு! மாதா திருநாள் அன்னிக்கு!"

"அப்போ வயசு நாப்பத்தொண்ணு. சொந்தப் பொறந்த நாளு கூடத் தெரியாதா? கேக்கு வெட்டுனா மட்டும் கரெக்டா வந்துடுவீங்க லா!"

மிஸ்ஸி மட்டும்தான் சிரிச்சாங்க.

உள்ள போறதுக்கு முன்னாடி அண்ணன் அவன் கையப் புடிச்சுக்கிட்டாரு. "ரிப்போர்ட்டு க்ளீனா வந்தாதான்டா திரும்ப கிரேன்ல ஏத்துவாங்க. இல்லன்னா வேல போச்சு. மூணு புள்ளைங்க இருக்கு, மறந்துடாத."

"மறக்கலண்ணே. முடிஞ்சதும் தேக்கா மார்க்கெட்டுல பிரியாணின்னு சொன்னீங்களே, நீங்க மறந்துடாதீங்க."

சட்டையக் கழட்டு, மூச்ச இழு, புடி, விடு. எக்ஸ்ரே முடிஞ்சுது. அடுத்து ஈசிஜி. சில்லுன்னு ஜெல்லியத் தடவி நெஞ்சு பூரா வயர மாட்டுனாங்க. படுத்த ஒடனே அவனுக்குக் கண்ணு சொக்கிடுச்சு.

மெஷின்லேருந்து பேப்பரு நீளமா வந்துச்சு. டெக்னீஷியன் அதப் பாத்தாரு. இன்னொரு வாட்டி எடுத்தாரு. அப்புறம் டாக்டரக் கூட்டியாறப் போயிட்டாரு.

சீன டாக்டர் ரெண்டு பேப்பரையும் ஒண்ணா வச்சுப் பாத்துட்டு இங்கிலீஷ்ல மெதுவா ஏதோ சொன்னாரு. மிஸ்ஸி இப்போ சிரிக்கல.

"ஹார்ட்டு ரொம்ப மோசமா இருக்கு மிஸ்டர் அற்புதராஜ். இன்னிக்கே வார்டுல படுக்கணும். இனிமே கிரேன் பக்கமே போகக் கூடாது. கம்பெனிக்கும் டாக்டர் எழுதிடுவாரு."

"இல்ல மிஸ்ஸி, எனக்கு ஒரு நோவும் கிடையாது. இன்னொரு வாட்டி எடுங்களேன்."

"ரெண்டு வாட்டி எடுத்தாச்சு. வீல்சேர் வருது, உக்காருங்க. இந்தாங்க ஐ.சி., கூட வந்தவர்கிட்ட குடுத்து கவுண்டர்ல காட்டச் சொல்லுங்க."

அவன் உக்காரல. ஐ.சி.ய வாங்கிக்கிட்டு செவுத்தப் புடிச்சபடி வெளிய வந்தான். அண்ணன் நெஞ்சுல ஒரு கைய வச்சுக்கிட்டே எந்திரிச்சாரு.

"என்னடா, க்ளீன்தானே?"

அவன் அந்த ஐ.சி.ய அவரு சட்டப் பையில சொருகுனான்.

"இது உங்களோடது, நீங்களே வச்சுக்குங்கண்ணே... போயி கவுண்டர்ல எட்மண்ட்னு என் சொந்தப் பேர்ல ஒரு நம்பர் எடுங்க."