மோடத்துக்குக் காவல்

"அந்தப் பெட்டிகிட்ட யாரும் போகக் கூடாது!"

பச்சை விளக்கு மினுங்கும் இணைய மோடத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார் மாமனார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியை இன்றுதான் முதல்முறையாக வீடியோவில் காட்டப்போகிறாள்.

மருமகளுக்கு நெட்வொர்க் கம்பெனியில் வேலை. இணையத்தின் பழைய முகவரி முறையை நிறுத்திவிட்டு, புதியதில் மட்டும் எல்லாம் ஓடுகிறதா என்று இந்த வாரம் அவரவர் வீட்டிலேயே சோதிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"உன் சோதனையெல்லாம் நாளைக்கு வெச்சுக்கம்மா. நடுவுல படம் நின்னுபோச்சுன்னா எனக்கு உசுரே போயிடும்."

"இன்னிக்கு நான் எதையும் தொடமாட்டேன் மாமா. சத்தியமா!"

போன் அடித்தது. சிவந்த குட்டி முகம் ஒன்று திரை நிறையக் கொட்டாவி விட்டது.

"அடியே என் ராஜாத்தி! மூக்கைப் பாரு, அச்சு அசல் என்னோடது!" கண்ணைத் துடைத்துக்கொண்டே மருமகள் பக்கம் திரும்பினார். "பார்த்தியா? ஒரு தடவைகூட நிக்கல. கண்ணாடி மாதிரி இருக்கு. உன் புதுசுல வருமா இது?"

"இது புதுசுதான் மாமா. பழசைத் திங்கட்கிழமையே நிறுத்திட்டேன். உங்ககிட்டேருந்தே புகார் வரலேன்னா, வேற யார்கிட்டேருந்தும் வராதுன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

மாமனார் மறுபடியும் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு பேத்தியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஒரு புகார் இருக்கு, எழுதிக்கோ. எல்லாம் தெளிவாத் தெரியுது. தூக்கத்தான் முடியல!"