நாற்பத்தொன்பதாம் எண்

"பேர் வைக்கலைன்னா அதுக்கு வருத்தமா இருக்காதாம்மா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். அம்மாவின் வேலையே அதுதான். பச்சைக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியில், மின்பலகையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயரும் முகவரி எண்ணும் அவள் எழுதிக் கொடுப்பாள். எழுதாத பாகம் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தயாரித்த கம்பெனியின் பெயரை வைக்கக் கூடாது. பாகம் செய்யும் வேலைதான் அதன் பெயர்.

பலகையில் வெப்பம் அளக்கும் சென்சார் ஒன்றுதான், எண் 48. ஆனால் அன்று எல்லா எண்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சோதித்தபோது 49-லிருந்தும் பதில் வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அந்த இடம் காலி.

"பேய்க்கெல்லாம் பேர் வெச்சா அப்புறம் சம்பளமும் கேக்கும்க்கா," என்றான் பக்கத்து மேஜைக்காரன். "பெட்டி நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். விட்டுடுங்க."

"தெரியாம அனுப்ப மாட்டேன்ப்பா. உள்ளே படுக்கப்போறது குழந்தை."

ஹீட்டரைப் போட்டுவிட்டு இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். 48 முப்பத்தாறு டிகிரியிலேயே நின்றது. 49 ஏறிக்கொண்டே போனது. மெத்தையில் கை வைத்தாள், சுட்டது. தேடியபோது 48-இன் காலில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். அதன் பிறகு 49 பேசவில்லை.

உதவி வாங்கிக்கொண்டு, உதவியவர் பெயரைச் சொல்லாமல் போவது பாவம் என்று நம்புகிறவள் அவள். எல்லோரும் சாப்பிடப் போனதும், அந்தக் காலி இடத்துக்கும் எழுதினாள்: வெப்ப சென்சார், 49.

பெட்டி ஆறிவிட்டிருந்தது. 48 இருபத்திரண்டு காட்டியது. 49 முப்பத்தேழு காட்டியது, உள்ளே யாரோ தூங்குவது போல.