உப்பில்லாத சூப்

“செத்தா நீங்கதான் தூக்கிட்டுப் போகணும். நான் தொடவே மாட்டேன், சொல்லிட்டேன்.”

வாசலிலேயே நிறுத்தி என்னை இப்படி வரவேற்றாள் என் மனைவி யொங்நான். என் கையில் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பழைய துண்டு. துண்டுக்குள் நாய்க்குட்டி என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வொன்ஜு நகர நாய்க் காப்பகத்திலிருந்து நேராக வந்திருந்தேன். குட்டிக்குப் பார்வோ. குடலையே கரைத்துவிடுகிற நோய். கெடு முடிவதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

“பிழைக்கிற வரைக்கும் வீட்டுல வச்சுப் பாத்துக்க யாராவது கிடைச்சா போதும் சார்” என்று அங்கே தொண்டு செய்யும் பெண் ஹ்யேவொன் கண்கலங்கினாள். அந்த நிமிடமே நான் தியாகியாகிவிட்டேன்.

“பேர் வைக்கிறப்ப டோஃபு, பீன்ஸ்னு சாப்பிடற பொருளா வைங்க சார். அப்பதான் ஆயுசு கெட்டி.”

“இந்தக் காலத்துல இதையெல்லாமா நம்பறீங்க?” என்று சிரித்தேன். “இவன் பேரு சேனாபதி!”

பால்கனி அறையில் சேனாபதியைப் படுக்க வைத்தேன். யொங்நான் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க பிளீச்சிங் போட்டுத் துடைத்தாள். குட்டியின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

என் தொண்டு மறுநாளே தொடங்கியது. ஆபீஸ் விட்டு வந்ததும் குட்டியை டாக்டரிடம் தூக்கிப்போவேன். சலைன் ஏறும்போது ஒரு போட்டோ. திரும்பி வந்ததும் என் மடியில் ஒரு போட்டோ. ‘சேனாபதி இன்றும் போராடுகிறான். நானும்தான்’ என்று எழுதிப் போடுவேன். ஒருநாள், ‘வீட்டில் ஆதரவில்லை. ஆனாலும் கைவிட மாட்டேன்’ என்றும் எழுதினேன். அதற்குத்தான் லைக் பிய்த்துக்கொண்டு போனது.

“பாரு, நான் தேவதையாம். யாரோ எழுதியிருக்காங்க” என்று போனை நீட்டினேன்.

“தேவதை விடிய விடியக் குறட்டை விடுமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கண்கள் சிவந்திருந்தன. பிளீச்சிங் நெடி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசிலும் என் புகழ் பரவியது. பாராட்டுக்குப் பாராட்டு சோஜு சாராயம் ஊற்றினார்கள். காலையில் தலை பிளக்கும். ஆனால் அடுப்பில் தினமும், பனிக்காற்றில் காயவைத்த மீனில் கருவாட்டு சூப் தயாராக இருக்கும். குடித்த தலைவலிக்கு அதைவிட நல்ல மருந்து எங்கள் நாட்டில் கிடையாது.

“என்ன, உப்பே இல்லையே?”

“உங்க ரத்தக்கொதிப்புக்கு அதுதான் நல்லது. பேசாம குடிங்க.”

நெகிழ்ந்துவிட்டேன். நாய்மேல் இரக்கமில்லாவிட்டாலும் புருஷன்மேலாவது இருக்கிறதே!

சேனாபதி பிழைத்துக்கொண்டான். வாந்தி நின்றது, எழுந்து நின்றான், என் செருப்பைக் கடித்தான். தத்துக் கொடுப்பதற்காக வீடியோ எடுக்க ஹ்யேவொன் வந்தாள்.

“சியோல்ல ஒரு குடும்பம் ஆசையா இருக்காங்க சார். வீடியோ பாத்துட்டு முடிவு சொல்றாங்களாம். பேர் சொல்லிக் கூப்பிடுங்க, ஓடி வரட்டும்.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். “சேனாபதி!”

அவன் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“சேனாபதி! டேய், சேனாபதி!”

காதுகூட அசையவில்லை. ஹ்யேவொன் முகம் வாடிவிட்டது. “நோய்ல காது போயிருக்குமோ சார்? அப்படின்னா அவங்க எடுக்க மாட்டாங்க. திரும்பக் காப்பகத்துக்குத்தான்...”

காப்பகம் என்றால் மறுபடியும் கெடு, மறுபடியும் ஊசி.

“சேனாபதீ!” என்று அலறினேன். மேல்வீட்டுக்காரர் தரையை இடித்தார். நாய் மட்டும் நிமிரவில்லை.

சமையலறையிலிருந்து யொங்நான் வந்தாள். “எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க?”

“காது கேக்கல யொங்நான். செவிடாயிட்டான். திருப்பி அனுப்பிடுவாங்க.” என் குரல் உடைந்துவிட்டது. இந்த முறை நான் எதையும் படம் எடுக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஹ்யேவொன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். “அதை முதல்ல நிறுத்தும்மா.”

கையுறையைக் கழற்றினாள். தரையில் குந்தினாள். ரகசியம் சொல்வதுபோல மெதுவாகக் கூப்பிட்டாள்.

“உருளைக்கிழங்கு...”

செருப்பு ஒரு பக்கம் பறந்தது. உடம்பையே வாலாக ஆட்டிக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து, அவள் மடியில் பாய்ந்து முகவாயை நக்கினான் சேனாபதி.

“ஓ... ஆயுசு கெட்டி” என்றாள் ஹ்யேவொன்.

“தொடவே மாட்டேன்னியே?” என்றேன்.

“பகல் முழுக்க வீட்டுல யார் இருந்தா? ராத்திரி அது முனகினப்ப யார் முழிச்சா?” குட்டியின் காதை நீவிக்கொண்டே சொன்னாள். “செத்துப்போயிருந்தா நான் அழுதிருப்பேன். நீங்க அதையும் படம் எடுத்துப் போட்டிருப்பீங்க.”

என் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“அக்கா, சியோல் குடும்பத்துக்கு என்ன சொல்லட்டும்?” என்றாள் ஹ்யேவொன்.

“காது கேக்காதுன்னே சொல்லிடும்மா.”

சிரித்துக்கொண்டே ஹ்யேவொன் போய்விட்டாள். யொங்நானும் குட்டியும் என்னைக் கண்டுகொள்ளாமல் தரையில் கிடந்தார்கள். என் பங்குக்கு ஏதாவது மிஞ்சுமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

“தினமும் காலையில அந்தக் கருவாட்டு சூப்பு... அதுவாவது எனக்காக வச்சதுதானே?”

அவள் நிமிரவே இல்லை.

“நாய்க்கு உப்பு ஆகாதுங்க.”