அப்பா பார்க்காத ஆட்டம்

மெர்லின் கோல்ஃப் ஆடும்போது அவள் அப்பா ஞானதாஸ் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு அடியையும் தன் போனில் வீடியோ எடுப்பார். தூர அடிகள் தேறிவிட்டன. குழிக்கு அருகே வந்தால்தான் அவளுக்குக் கை நடுங்கிப் பந்து விலகியது. அப்பா காய்ச்சலில் படுத்திருந்த சனிக்கிழமை மட்டும் ஒரு பந்தும் விலகவில்லை. அன்றைய ஆட்டத்தை அவளே அவர் போனில் வீடியோ எடுத்துவைத்தாள். அதைப் பார்த்து அப்பாவே புரிந்துகொள்வார் என்று காத்திருந்தாள்.

"சனிக்கிழமை ஆட்டத்தைப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்மா. நான் நேர்ல நின்னு பாக்காததை எப்படிக் கணக்குல சேக்கிறது? அழிச்சுட்டேன்."

மறுநாள் காலை அவள் குழியருகே குனிந்து மட்டையைப் பிடித்தாள்.

"இந்த நடுக்கம் எதனாலன்னு இன்னைக்குக் கண்டுபிடிச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டே, அவர் இன்னும் நெருங்கி வந்து நின்றார்.