வாயில் துண்டு

முப்பது வருஷம் நாடக மேடையில் நின்ற செண்பகவல்லிக்கு, சிரிப்பு வசனம் பேசினால் சனம் சிரித்து ஓயும்வரை அடுத்த வசனத்தைத் தொடாத பழக்கம். டிவியில் ஒரு சிரிப்புத் தொடருக்கு மாமியாராக நடிக்கக் கூப்பிட்டார்கள். அங்கே சனமே இல்லை. மூன்று கேமரா, ஒரு சோபா. பேசிவிட்டு நின்றாள். “எதுக்குக்கா நிக்கிறீங்க? சிரிப்பை நாங்க அப்புறம் சேத்துக்குவோம்” என்றான் டைரக்டர். நிற்காமல் பேசிப் பார்த்தாள். வறண்ட கிணற்றில் இறைப்பது மாதிரி இருந்தது, வசனம் எடுபடவில்லை. “நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும்க்கா.” மறுநாள் வசனத்துக்கு நடுவே நிமிர்ந்தாள். ஏணி மேல் லைட்மேன் காத்தமுத்து, சத்தம் வரக்கூடாதென்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு மட்டும் குலுங்கியது. அது அடங்கும்வரை நின்றாள். “மறுபடியும் நிக்கிறீங்களே!” “மேல ஒருத்தர் இன்னும் சிரிச்சு முடிக்கலை தம்பி.” அண்ணாந்து பார்த்த டைரக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளை யாரும் விரட்டவில்லை. அந்த வயிற்றைப் பார்த்துப் பார்த்தே நடித்தாள். தொடர் ஏழாவது வாரத்தோடு நின்றுபோனது. அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, பழைய நாடகம் காத்திருந்தது. முதல் நாளே மூன்றாவது வரிசையில் ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். காத்தமுத்துதான். அந்தச் சிரிப்பின் சத்தத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வசனத்தைப் பாதியில் விட்டாள். “அண்ணே, இங்க துண்டு வேண்டாம், எடுங்க” என்று சொல்லிவிட்டு நின்றாள்.